வில்வமரத்துக் கிணற்றுத் தண்ணீர்

2003-ஆம் வருஷம். அடுத்தடுத்து மழை பொய்த்து, திருப்பூரே தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்த காலம். அங்கே ஒரு கல்லூரியில் நான் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தாவரவியல் முதன்மைப் பாடம். கூடவே துணைப்பாடம் ஒன்று உண்டு. முதல் வருஷம் எல்லாருக்கும் வேதியியல். இரண்டாம் வருஷம் விலங்கியலா வேளாண்மையா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். விலங்கியல் எடுத்தால் கரப்பான்பூச்சியை அறுக்க வேண்டும் என்று சீனியர் அக்காக்கள் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். நான் கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்கிற ஆள். அதனால் வேளாண்மை எடுத்தேன். மண்மீது பாசம், பயிர்மீது ஆசை என்றெல்லாம் உங்களிடம் கதைவிட மாட்டேன்.

வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாங்கள் தேனிப் பக்கமிருந்து பனியன் கம்பெனியை நம்பி வந்த குடும்பம். அப்பா டைலர், அம்மா செக்கிங். "காட்டு வேலையே வேணாம்னு கும்பிடு போட்டுட்டு இங்கிட்டு ஓடியாந்தோம். நீ அதையே காலேசுல போயிப் படிக்கப் போறேங்குற" என்றாள். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் மண்ணரையில் ஒரு லைன் வீட்டில். வீட்டுக்குள் தெற்கத்திப் பேச்சு, வாசலைத் தாண்டினால் கொங்குப் பேச்சு. இரண்டிலுமே எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய் செய்த வேலையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வேளாண்மை வகுப்பில் பெரும்பாலும் தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பிள்ளைகள். பாடம் நடத்தியவர் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாரத்தில் சில நாள் மட்டும் வருவார். முதல் வகுப்பிலேயே வரிசையாக எழுப்பி, "உங்க காட்டுல இப்ப என்ன வெள்ளாமை?" என்று கேட்டார். ஒருத்தி சோளம் என்றாள், ஒருத்தன் மஞ்சள் என்றான், நாலைந்து பேர் தென்னை என்றார்கள். என் முறை வந்தபோது, "பெயின்ட் டப்பாவுல துளசிங்க சார்" என்றேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் என்னவோ சுருக்கென்றுதான் இருந்தது.

அன்றைக்குச் சிரிக்காமல் இருந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மட்டும்தான். அவிநாசியைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் ஒரு சொல் என்றாலும் அதில் கிண்டல் இருக்கும். எனக்கு "டவுனு" என்று பெயர் வைத்தாள். "ஏ டவுனு, இது வெதை, அது நாத்து. ரெண்டும் வேற வேற" என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக் கொடுப்பாள். மத்தியானம் அவள் டப்பாவில் கொள்ளுப் பருப்பு இருக்கும், என் டப்பாவில் புளிச்சோறு. பாதிப் பாதி மாற்றிக்கொள்வோம். அவளுடைய அப்பாவை அவள் "அய்யன்" என்பாள். எதற்கெடுத்தாலும் "எங்கய்யன் சொல்லும்" என்று ஆரம்பிப்பாள். தன் வீட்டைப் பற்றி அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டாள், நானும் கேட்டதில்லை. என்னைப் பற்றிப் பேசவே எனக்கு நேரம் போதாது.

பாசன நீர் பற்றிய பாடம் வந்தது. ஒருநாள் சார் சொன்னார்: "அடுத்த செய்முறைக்கு ஆளுக்கொரு பாட்டல்ல உங்கூட்டுக் கெணத்துத் தண்ணி கொண்டாரோணும். போர் இருக்கறவங்க போர்த் தண்ணி. எந்திரிச்சு நின்னு கெணத்துப் பேரு, எந்த ஊரு, என்ன பாயுதுன்னு சொல்லோணும்."

கிணற்றுக்குப் பெயர் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எங்கள் லைன் வீட்டில் ஒரு போர் இருந்தது. சாயப்பட்டறைக் கழிவு இறங்கி, அந்தத் தண்ணீர் ஒருநாள் டீக்கஷாயம் மாதிரி வரும், ஒருநாள் லேசாக ஊதா அடிக்கும். பாத்ரூமுக்கும் தரை கழுவவும் மட்டும்தான் அது. குடிக்கவும் சமைக்கவும் வீட்டுக்காரர் லாரித் தண்ணீர் வாங்கி, பொதுத் தொட்டியில் நிரப்புவார். லாரி விடிகாலையில் வரும். நாங்கள் குடத்தோடு நிற்கும்போது டிரைவர், மாப்பிள்ளை வீட்டுப் பெருமை பேசுவதுபோலப் பேசுவார்: "வில்வமரத்துக் கெணத்துத் தண்ணிங்க்கா இது. எளநி தோத்துப் போயிரும்." எங்கள் அம்மா வாய்விட்டுப் புகழாத ஆள். அவளே அந்தத் தண்ணீரில் பருப்பு வேகிறதைப் பார்த்து, "புண்ணியவான் கெணறு" என்பாள்.

செய்முறைக்கு எந்தத் தண்ணீரைக் கொண்டுபோனேன் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். அந்தப் போர்த் தண்ணீரை எல்லார் பாட்டிலுக்கும் நடுவில் வைத்துவிட்டு, பெயின்ட் டப்பாக்காரி இன்னொருமுறை சிரிப்பு வாங்க வேண்டுமா? தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனேன். பெரிய பொய் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீர்தானே என்று சமாதானமும் வைத்திருந்தேன்.

ஆய்வகத்து மேசையில் வரிசையாகப் பாட்டில்கள். சோடா பாட்டில், ஜூஸ் பாட்டில். கடைசி பெஞ்சு ஒருத்தன் குவார்ட்டர் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்திருந்தான். சார் அதை முகர்ந்து பார்த்து, "இது கெணத்துத் தண்ணிதானப்பா?" என்று கேட்க, ஆய்வகம் அதிர்ந்தது. உப்பு எவ்வளவு இருக்கிறது என்று எண் காட்டும் சின்னக் கருவி ஒன்றை அவர் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை ஒவ்வொன்றிலும் முக்கி, எண்ணைச் சத்தமாகப் படித்து, "தென்னை தாங்கும்", "வாழை தாங்காது", "இதுல துணி கூடத் தொவைக்க முடியாது" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வந்தார்.

என் முறை. எழுந்து, "மண்ணரைங்க சார். போர்" என்றேன். கருவியை முக்கினார். எண்ணைப் பார்த்தார். கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி முக்கினார். பிறகு என்னைப் பார்த்தார். "மண்ணரையில இப்படியொரு தண்ணியா? அம்மிணி, இது நெசமுன்னா நான் அங்கயே ஒரு ஊடு புடிச்சு வாழை வெச்சுட்டு உக்காந்துக்குவனே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்து என் தோழி எழுந்தாள். ஊர்ப் பெயரைச் சொன்னாள். "வில்வமரத்துக் கெணறுங்க சார். தென்னை பாயுதுங்க" என்றாள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குள் மத்தாப்புக் கொளுத்தியதுபோல இருந்தது. இத்தனை நாளாக நாங்கள் குடிப்பது இவள் வீட்டுத் தண்ணீரா! சொன்னால் இவள் எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்து, அவள் உட்காரட்டும் என்று காத்திருந்தேன். ஆனால் சார் அவள் பாட்டிலில் கருவியை முக்கியதும் முகம் மாறியது. என் பாட்டில் காட்டிய அதே எண். இரண்டு பாட்டிலையும் கையில் தூக்கி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"ஒரே பெஞ்சு, ஒரே தண்ணி. ஏம்மா, டவுன்காரிக்கு நீதான் ஊத்திக் குடுத்தியாக்கும்? செய்முறைன்னா வெளையாட்டா? ரெண்டு பேருக்கும் இன்னிக்கு மார்க் கெடையாது."

அவள் இல்லை என்று சொல்லுவாள் என்று பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க சார். தப்புத்தானுங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னைக் காப்பாற்ற இவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்தேன். இப்படியொரு தோழிக்கு நான் துரோகம் செய்வேனா? போர்த் தண்ணீர் என்று பொய் சொன்னது நான். அதை நானே சொல்லிவிடுவது என்று எழுந்தேன். அவள் மேசைக்கு அடியில் என் துப்பட்டாவின் நுனியைப் பிடித்து இழுத்தாள். எனக்காகப் பயப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டு, துப்பட்டாவை உருவிக்கொண்டேன்.

"சார், அவ எனக்கு ஊத்திக் குடுக்கலீங்க. நான்தான் பொய் சொன்னனுங்க. எங்க போர்த் தண்ணி சாயத் தண்ணிங்க. இது லாரித் தண்ணி. அந்த லாரி வில்வமரத்துக் கெணத்துல இருந்துதான் வருதுங்க, டிரைவரே சொல்லியிருக்காரு. தெனமும் காலையில வருது. அதனாலதான் ரெண்டும் ஒண்ணா இருக்குதுங்க."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பாராட்டுக்குக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்வேன். உண்மையைச் சொல்கிற சுகம் அப்படி.

பின்னால் ஒரு பையன், அவளுடைய ஊர்க்காரன்தான், மிக மரியாதையாகக் கேட்டான். "எந்தக் கெணறுங்க?"

அவனுக்குக் காதில் விழவில்லை போலும் என்று, "வில்வமரத்துக் கெணறுங்க" என்று நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

சாருக்கு என்னவோ புரிந்துவிட்டது. இரண்டு பாட்டிலையும் மளமளவென்று கை கழுவும் தொட்டியில் கொட்டினார். "செரி, செரி, மார்க் போட்டுக்கறேன். உக்காருங்க. அடுத்த ஆளு யாருப்பா?" என்றார். நான் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். அவள் மெதுவாக என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்தாள். மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கொள்ளுப் பருப்பு டப்பா திறக்கப்படாமலே அவளோடு போனது.

என்ன நடந்தது என்று அந்த ஊர்ப் பையன்தான் தாழ்வாரத்தில் வைத்துச் சொன்னான். அவர்கள் ஊரில் ஒவ்வொரு கிணறாக வற்றிக்கொண்டே வந்ததாம். லாரிக்காரர்கள் மாட்டுகிற மோட்டார்தான் ஊர்த் தண்ணீரையெல்லாம் இழுக்கிறது என்று, ஊரே மாரியம்மன் கோயில் முன்னால் கூடி, இனி யாரும் லாரிக்குத் தண்ணீர் விற்பதில்லை என்று தீர்மானம் செய்தார்களாம். ஆளாளுக்குக் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்களாம். அவள் அய்யனும் செய்திருக்கிறார்.

"லாரி வெடியறதுக்குள்ள இட்டேரி வழியா வந்துட்டுப் போகுதுன்னு எங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சுங்க. வேலிக்கு நடுவுல போற தடம், உள்ள என்ன போகுதுன்னு வெளிய தெரியாதுங்க. எந்தக் கெணத்துக்குப் போகுதுன்னுதான் தெரியாம இருந்துச்சு" என்றான்.

"ஊர்ல சொல்லிராதீங்க, தயவு பண்ணி" என்று கெஞ்சினேன். அவன் கோபப்படவில்லை. "எங்க தென்னை மரமெல்லாம் மண்டை காஞ்சு நிக்குதுங்க. எங்கப்பா தெனமும் அதுங்களைப் பாத்துட்டு வந்து சாப்பிடாமப் படுத்துக்கறாரு. நான் எப்படிங்க சொல்லாம இருக்கறது?" என்றான்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. எங்கள் லைன் வீட்டுக்கு லாரியும் வரவில்லை. வேறெங்கிருந்தோ வேறொரு லாரி வந்தது. அந்தத் தண்ணீரில் சோறு மஞ்சளாக வெந்தது. குடத்தோடு நின்ற பெண்கள், "எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ" என்று திட்டினார்கள். நானும் குடத்தோடு அந்த வரிசையில்தான் நின்றேன்.

வாரக் கடைசியில் அந்தப் பையனே சேதி சொன்னான். ஊர்க்கூட்டம் நடந்துவிட்டது. இட்டேரியில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். "இனிமேல் அவங்க ஊட்டுல கோயில் வரி வாங்கறதில்லைன்னு முடிவு பண்ணீட்டாங்க" என்றான்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அடிதடி ஆகுமோ, போலீசுக்குப் போகுமோ என்று பயந்திருந்தேன். வரி வாங்கவில்லை என்றால் அந்த வீட்டுக்கு மிச்சம்தானே! "அதோட விட்டாங்களே, நல்லதுங்க" என்று அவனிடமே சொன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் முழுக் கதையையும் சொல்லி, வரி விஷயத்தையும் நல்ல செய்தியாகச் சொன்னேன். அம்மா பிசைந்த சோற்றை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கூறுகெட்டவளே. வரி வாங்கலைன்னா ஊரை விட்டு ஒதுக்கிட்டாகன்னு அர்த்தம்டி. மாரியம்மன் நோம்பிக்கு அந்த வீட்டு மாவெளக்கு கோயிலுக்குள்ள போகாது. ஒரு நல்லது கெட்டதுக்கு எவனும் வாசல் மிதிக்க மாட்டான். வரி குடுத்தாத்தான் அவன் அந்த ஊர்க்காரன். நீ போயி நல்லதுன்னு சொல்லிட்டு வந்திருக்கியா?"

அம்மா பிறகு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது இருப்பேன். எங்கள் தொட்டியில் நிரம்பிய தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் சத்தியத்தை மீறி வந்தது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நல்ல தண்ணீர் என்று குடித்தோம், அவ்வளவுதான். கடைசியில் அதைக் கொடுத்தவனைச் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்தவள் நான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை தன்னைத்தானே கெடுத்துக்கொண்டால் போகட்டும். இந்தத் தவளை அடுத்த வீட்டைக் கெடுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவள் ஊருக்குப் போனேன். நேராக அவள் அய்யனிடம், "உங்களைக் காட்டிக்கொடுத்தது நான்தான், மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பஸ் நிறுத்தத்தில் வழி கேட்டேன். கை காட்டியவர் அந்த வீட்டுப் பெயரைத் தன் வாயால் சொல்லவில்லை.

தோட்டத்துக்குள் ஓட்டு வீடு. வாசலில் எருமைக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தவர்தான் அவள் அய்யன். ஒல்லியான மனிதர். "புள்ளை கூடப் படிக்கறனுங்க" என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அந்த வாரத்தில் அந்த வீட்டு வாசலுக்கு வந்த முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும்.

"வாங்க கண்ணு, வாங்க. வெயில்ல நடந்தா வந்தீங்க? மொதல்ல தண்ணி குடிங்க" என்று அவரே உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். இந்தப் பக்கத்து மரியாதை அப்படி. வந்தவர் யார், எதற்கு வந்தார் என்று கேட்பதற்கு முன்னால் தண்ணீர் வரும். வாங்கிக் குடித்தேன். நாக்குக்குப் பழகிய தண்ணீர். விழுங்க முடியாமல் விழுங்கினேன்.

"ஊடு எங்கீங்க கண்ணு?"

"திருப்பூருங்க. மண்ணரை."

"மண்ணரைங்ளா?" என்றவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ அவர்தான் எங்களுக்குக் குற்றம் செய்துவிட்டவர் மாதிரிக் கேட்டார். "நம்ம தண்ணி அங்கதானுங்க வந்துட்டிருந்துச்சு. இப்ப நின்னு போச்சுங்களே. குடிக்கறதுக்கு என்ன பண்றீங்க கண்ணு? செரமமா இருக்குதுங்ளா?"

என்னை அவர் இரண்டு அறை அறைந்திருக்கலாம். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காட்டிக்கொடுத்தது யார் என்று அந்தப் பையன் ஊர்க்கூட்டத்தில் சொல்லவில்லை, மகளும் வீட்டில் சொல்லவே இல்லை. எல்லாம் மறந்து, ஒத்திகை பார்த்த வார்த்தைகளும் மறந்து, "அய்யா, நான்தானுங்க" என்று ஆரம்பித்தேன்.

"அய்யா, அந்தப் புள்ளைக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு. நான் போயி ஏத்தி உட்டுட்டு வாறேன்" என்று உள்ளேயிருந்து அவள் வந்தாள். என் கையிலிருந்த சொம்பை வாங்கி வைத்துவிட்டு, முன்னால் நடந்தாள். பின்னால் அவர், "அடுத்த தடவை வந்தா சாப்பிட்டுட்டுத்தான் போகோணுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலி ஓரமாக வெகுதூரம் நடந்தோம். நான்தான் பொறுக்க முடியாமல் ஆரம்பித்தேன். எனக்காகத்தானே அன்றைக்கு நீ பழியை ஏற்றுக்கொண்டாய், எனக்குத் தாங்கவில்லை, அதனால்தான் எழுந்து சொன்னேன் என்றேன். அவள் நின்றாள்.

"உனக்காகவா? எங்கய்யனுக்காகச் சொன்னேன்."

நான் விழித்தேன்.

"ரெண்டும் ஒரே தண்ணின்னு தெரிஞ்சதுமே எனக்கு வெளங்கிருச்சு. மார்க் போனாப் போகுதுன்னுதான் ஆமான்னேன். துப்பட்டாவைப் புடிச்சு இழுத்தேனே, உனக்குத் தெரியலியா? நீ உன்ற ஊட்டு உண்மையச் சொல்லீட்டு உக்காந்திருக்கலாமில்ல? எங்கூட்டு உண்மையையும் சேத்துச் சொல்லச் சொல்லி உன்னை யாரு கேட்டா?"

அவள் குரல் உயரவில்லை. நான் அழுதேன். "இப்பவே திரும்பிப் போயி அய்யாகிட்டச் சொல்லிர்றேன். என்னை நாலு வார்த்தை திட்டட்டும்" என்றேன்.

"திட்டாது. அது யாரையும் திட்டாது. உனக்கும் ஒரு செம்புத் தண்ணியக் குடுத்து அனுப்பி வெச்சுட்டு, ராத்திரியெல்லாம் உக்காந்திருக்கும். ஒரு வருசத்துக்குத்தான்னு சொல்லித்தான் வித்துச்சு. எதுக்கு வித்துச்சுன்னு உனக்குத் தெரியோணுமா? என்னையப் படிக்க வெக்கத்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன்ற மனசு லேசாகோணும்னு எங்கய்யன் தலையில கொண்டாந்து எறக்கி வெக்காதே. நீயே சொமந்துக்க."

பஸ் வந்தது. ஏற்றிவிட்டாள். ஏறியபிறகு திரும்பிப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தாள்.

அவள் படிப்பை விட்டுவிடுவாளோ என்றுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. அது நடக்கவில்லை. அந்த வருஷ நோம்பி, அதுதான் கோயில் திருவிழா, முடிந்த பிறகு கல்லூரிக்கு வந்தாள். அவர்கள் வீட்டு மாவிளக்கு அந்த வருஷம் கோயிலுக்குப் போகவில்லை என்று அந்தப் பையன் சொல்லித் தெரியும். முன் பெஞ்சில் இடம் மாறி உட்கார்ந்தாள். எதிரில் பார்த்தால் சிரிப்பாள். நோட்டு கேட்டால் கொடுப்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "டவுனு" என்று கூப்பிடவில்லை. அந்தப் பெயரை இன்னொரு தடவை கேட்க நான் எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன். அடுத்த வருஷம் ஊரார் முன்னால் அவள் அய்யன் தப்பை ஒப்புக்கொண்டு அபராதம் கட்ட, வரியும் வாங்கிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, கல்லூரி மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். துணைப்பாடத்தில் எனக்கு நல்ல மார்க் வந்தது. பாசன நீர் பற்றிய கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன்.

அவரிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. அவள் சொன்னபடி நானேதான் சுமக்கிறேன். அந்தப் பையன்மீதும் எனக்குக் கோபம் வந்ததில்லை. அவன் ஊர் காய்ந்துகொண்டிருந்தது, அவன் சொன்னதில் தப்பில்லை. அவன் செய்தது சரி, அவள் மறைத்தது சரி, ஏன், அந்த மனிதர் விற்றதில்கூட ஒரு நியாயம் இருந்தது. சம்பந்தமே இல்லாமல் நடுவில் எழுந்து நின்று, உண்மை பேசுகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தியவள் நான் ஒருத்திதான். இப்போது நான் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். யாராவது ஒரு பிள்ளை வகுப்பில் எழுந்து, "டீச்சர், இவங்க வீட்டுல..." என்று ஆரம்பித்தால், உட்காரு என்று என்னையறியாமல் கத்திவிடுகிறேன். பிள்ளைகளுக்கு ஏனென்று புரியாது.

இதை எழுதலாமா என்றுகூடப் பல வருஷம் யோசித்தேன். எழுதத் துணிந்தபோதும் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டேன். அந்தக் கிணற்றடியில் நின்றது வில்வமரம் இல்லை, வேறு மரம். வெட்கப்படாமல் நான் சொல்லியிருக்கிற ஒரே பொய் அதுதான்.